முப்பத்தெட்டு வெள்ளிக் குழாய்

காக்கி புக்கிட், நான்காம் மாடிப் பட்டறைக்கு
சலாமா மக்சிக் திரும்பி வந்தபோது
பிக்கப்பின் பின்தொட்டியில் ஐஸ் உருகி
ஏறி வந்த பாதை நெடுக
ஈரக்கோடு இழுத்திருந்தது.
"அதே மாதிரிதான்" என்றார்.
மெக்கானிக்கிடம் சொல்ல
அதைவிடக் கெட்ட வார்த்தை இல்லை.

மீன் ஏற்றிக்கொண்டு ஷியர்ஸ் பாலம் ஏறினால்
மூன்றாம் கியரிலேயே மூச்சு வாங்குகிறதாம்.
பின்னால் கறுப்புப் புகை,
டாக்சிக்காரர்களின் ஹார்ன்.
நடுவே ஒரு சீழ்க்கை.
"பாம்பு" என்று மணிக்கட்டை வளைத்துக் காட்டினார்.

இரண்டு மாதம் முன்பும் காட்டினார்.
நான் அப்போது பார்த்தது கையை அல்ல.
காற்றுக்குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன்,
விரலில் எண்ணெய்.
"டர்போ சீல் போச்சு."
இரண்டாயிரத்து நானூறு வெள்ளி,
கூலி தனி.

எந்த டீசல் வண்டியிலும் அங்கே கொஞ்சம் எண்ணெய் இருக்கும்.
எஞ்சின் விடும் ஆவி அந்த வழியாகத்தான் திரும்பிப் போகிறது.
எனக்குத் தெரியாததா?
வெளியே மூன்று வண்டி காத்திருந்தது,
அவ்வளவுதான்.

இன்று ஒன்றையும் கழற்றவில்லை.
காற்றுப் பாதையின் இரு முனையையும் அடைத்துவிட்டு
மெல்லக் காற்றை ஏற்றச் சொன்னேன்.
ரெஜாவுல் முள்ளைப் பார்த்துப் படித்தான்:
அரை பார்.
முக்கால்.
நான் வண்டிக்கடியில் மல்லாந்து
பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துத் தெளித்துக்கொண்டிருந்தேன்.
ஒன்று.
ஒன்றே கால் —
இன்டர்கூலரின் கீழ்க்குழாய்,
கிளாம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி,
கண் எட்டாத அடிப்பக்கம்
உதடு பிரிந்தது.
நுரை பொங்கி என் கன்னத்தில் விழுந்தது.
பாம்பு சீறியது.

காற்றை நிறுத்தினோம்.
உதடு மூடிக்கொண்டது,
பால் குடித்த பூனை மாதிரி.
சும்மா நிற்கிற வண்டியில்
நூறு முறை டார்ச் அடித்தாலும் தெரிந்திருக்காது.

குழாய் முப்பத்தெட்டு வெள்ளி.
மாட்ட நாற்பது நிமிடம்.

அவர் கீழே தே தாரிக் குடிக்கப் போன நேரம்
அலமாரியிலிருந்து பழைய டர்போவை எடுத்தேன்.
தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தேன், அசையவில்லை.
மேலும் கீழும், மயிரிழை.
விரலால் ஒரு சுண்டு சுண்டினேன்.
சுற்றியது,
சுற்றிக்கொண்டே இருந்தது,
நிற்கட்டும் நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
ரெஜாவுலும் பார்த்தான்.
பிறகு ஸ்பானர்களைத் துடைக்கப் போய்விட்டான்,
ஏற்கெனவே துடைத்தவற்றை.

"இனி வராது மக்சிக்" என்றால் போதும்.
பில் புத்தகத்தில் முப்பத்தெட்டு என்று எழுதவும் செய்தேன்.
அடித்தேன்.
என் அரைகுறை மலாயில் சொன்னேன்:
டர்போ கெட்டிருக்கவே இல்லை.
சாலா சாயா. என் தப்பு.

"தாக் அப்பா, பரவாயில்லை" என்பார் என
முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.
அவர் சொல்லவில்லை.
"அது எத்தனை கிலோ கெம்போங் மீன், தெரியுமா?" என்றார்.
பில்லின் பின்பக்கத்தில் இருவரும் கணக்குப் போட்டோம்.
மாதம் இருநூறு வெள்ளி, பன்னிரண்டு மாதம்,
கொடுப்பது நான்.

போகும்போது பழைய டர்போவையும் கேட்டார்.
ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில்
கோணியில் சுற்றி வைத்தேன்.
"அடுத்த முறை சீல் போச்சென்று சொன்னால்
இதைப் போடு."

நான்கு மாடி வளைந்து இறங்குவதைக்
காதைத் தீட்டிக் கேட்டேன்.
சீழ்க்கை இல்லை.
ஆனால் இறக்கத்தில் எந்த வண்டியும் பொய் சொல்லும்.

மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு
கைப்பேசியில் ஒரு குரல்செய்தி.
பேச்சு இல்லை.
எஞ்சின் மட்டும்,
ஏறிக்கொண்டிருந்தது.